கிளட்டரிங் உள்ளவர்களுக்கு ஓர் ஆதரவுக் குழு: திக்குவாய்க் குழுவின் விதிகள் ஏன் அப்படியே பொருந்துவதில்லை

திக்குவாய் உள்ளவர்கள் தாங்களே கூடி நடத்திக்கொள்ளும் ஆதரவுக் கூட்டங்கள் இந்திய நகரங்கள் பலவற்றில் நடக்கின்றன. 2008இல் டேராடூனில் தொடங்கப்பட்ட இந்தியத் திக்குவாய்ச் சங்கம் இந்த முறையைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு வகித்தது. இத்தகைய கூட்டங்களுக்கு வேறு மாதிரியான ஒருவரும் அவ்வப்போது வந்து சேர்வதுண்டு. அவர் சொல்லின் தொடக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. மளமளவென்று பேசுகிறார், அசைகளை விழுங்குகிறார், ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவுகிறார், ஆனால் எதிரில் இருப்பவர்கள் “என்ன சொன்னீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்பது ஏன் என்று அவருக்கு விளங்குவதில்லை. அவருக்கு இருப்பது கிளட்டரிங் எனப்படும் கோளாறாக இருக்கலாம். அவருக்கென்று தனிக் குழு தேவையா, தேவையென்றால் அதை எப்படித் தொடங்கி நடத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். சுய உதவிக் குழு என்றதும் நினைவுக்கு வரும் மகளிர் சேமிப்புக் குழுக்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே பரிமாறப்படுவது அனுபவமும் பயிற்சியும் மட்டுமே.

## கிளட்டரிங் என்பது எது, எது அன்று

கிளட்டரிங் ஒரு பேச்சுச் சரளக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பு, திக்குவாய்க்கு எஃப் 98.5 என்ற குறியீட்டையும், அதற்கு அடுத்தபடியாகக் கிளட்டரிங்குக்கு எஃப் 98.6 என்ற குறியீட்டையும் தந்திருந்தது. ஆய்வாளர்கள் கென்னத் செயின்ட் லூயிஸும் காட்ரின் ஷுல்ட்டேயும் 2011இல் முன்வைத்த வரையறையே இன்று பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. அதன்படி, ஒருவர் தம் தாய்மொழியில் உரையாடும்போது பேச்சின் சில பகுதிகள் கேட்பவருக்கு மிக வேகமாகவோ, சீரற்ற வேகத்திலோ, இரண்டுமாகவோ படவேண்டும்; அத்துடன் பின்வருவனவற்றுள் ஒன்றேனும் இருக்கவேண்டும்.

1. எல்லோர் பேச்சிலும் ஓரளவு காணப்படும் தடுமாற்றங்கள் அளவுக்கு மீறி வருதல். “வந்து”, “அதாவது”, “அது என்னன்னா” போன்ற நிரப்புச் சொற்களும், தொடங்கிய வாக்கியத்தைக் கைவிட்டு வேறொன்றைத் தொடங்குவதும் இதில் அடங்கும்.
2. அசைகள் அளவுக்கு மீறிச் சுருங்கியோ, ஒன்றுக்குள் ஒன்று புதைந்தோ, முற்றிலும் விடுபட்டோ போதல்.
3. நிறுத்தம், அழுத்தம், தாளம் ஆகியவை இயல்புக்கு மாறாக அமைதல்; நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தாமல், சொற்றொடரின் நடுவே நிறுத்துவது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாவது கூறு தமிழில் தனிக் கவனம் கோருகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கே அசைகளைச் சுருக்கிச் செல்லும் வழக்கு. “வந்துகொண்டிருக்கிறேன்” என்று எழுதுவதைச் சென்னையில் “வந்துட்டிருக்கேன்” என்பார்கள், மதுரைப் பக்கம் “வந்துக்கிட்டிருக்கேன்” என்பார்கள், யாழ்ப்பாணத்தில் “வந்துகொண்டிருக்கிறன்” என்பார்கள். இவற்றில் எதுவும் கோளாறன்று. அதே சொல் “வன்ட்ருகே” என்று ஒலித்து, பேசுபவரின் ஊர்க்காரருக்கே, அவர் வீட்டாருக்கே புரியாமல் போகும்போதுதான் ஐயம் எழவேண்டும். ஒரு வட்டாரத்தார் இன்னொரு வட்டாரத்தாரின் பேச்சை வேகம் என்று கருதுவது பழக்கமின்மையே தவிர வேறில்லை; குழுவில் பல ஊர்க்காரர்கள் கூடும்போது இந்த வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வேகமாகப் பேசுவது மட்டுமே கிளட்டரிங் ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வானொலி அறிவிப்பாளரும் கிரிக்கெட் வருணனையாளரும் சாதாரண மனிதரைவிட விரைவாகப் பேசுகிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் அசையும் தெளிவாக விழுகிறது. கிளட்டரிங்கில் சிக்கல், பேச்சு ஓடும் வேகத்தை அந்தப் பேச்சாளரின் நாவாலும் திட்டமிடலாலும் தாங்க முடியாமல் போவதே. இன்னொன்று: நேற்றுவரை தெளிவாகப் பேசியவருக்குத் திடீரென்று வாய் குழறினால் அது கிளட்டரிங் அன்று, பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

## திக்குவாயிலிருந்து எங்கே பிரிகிறது

திக்குவாய் உள்ளவருக்குத் தாம் சொல்லவிருக்கும் சொல் மிகத் தெளிவாகத் தெரியும். அந்தச் சொல்லின் வாசலில் ஒலி மடங்கி வருகிறது, நீள்கிறது, அல்லது அடைபட்டு நிற்கிறது. அந்தக் கணத்தை அவர் முன்கூட்டியே உணர்கிறார், அஞ்சுகிறார், சில வேளைகளில் சொல்லையே மாற்றிவிடுகிறார். தம் பேச்சின்மேல் கவனம் குவியக் குவிய அவருக்குப் பெரும்பாலும் தடை கூடுகிறது.

கிளட்டரிங்கில் இது ஏறக்குறையத் தலைகீழாக நடக்கிறது. பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று அறிவித்தால், அல்லது எதிரே சிகிச்சையாளர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தால், பேச்சு சிறிது நேரம் சீராகிவிடுகிறது. பழகிய பனுவலை வாசிக்கும்போது அசைகளை விழுங்குபவர், முன்பின் பார்த்திராத பனுவலைக் கவனத்துடன் நன்றாக வாசித்துவிடுவதும் உண்டு. நேர்காணலின் முதல் ஐந்து நிமிடங்களில் குறை எதுவும் தெரியாமல் போவதற்கும், பேச்சு சுவாரசியமாகி அவர் இளகி அமர்ந்த பிறகு எல்லாம் கலங்குவதற்கும் இதுவே காரணம். பரிசோதனை அறையில் நோயைக் கண்டுபிடிக்காமல் அனுப்பிவிடுவதும் இதனாலேயே நேர்கிறது.

விழிப்புணர்வு பற்றிப் பழைய நூல்கள் சொன்னதை இன்று திருத்திப் படிக்கவேண்டியிருக்கிறது. கிளட்டரிங் உள்ளவருக்குத் தம் சிக்கல் தெரியவே தெரியாது என்று முன்னர் எழுதினார்கள். உண்மையில் பலருக்குத் தம் பேச்சில் ஏதோ பிழை உண்டு என்று நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுதும் பிறர் அதைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது, அந்தப் பிழை நிகழும் கணம். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் கேட்பவரின் காதில் நொறுங்கியது என்பது பேசும்போது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. இந்த இடைவெளி உண்டாக்கும் மனச்சுமை சிறிதன்று: தவறு எங்கே என்று தெரியாமல் தவறு செய்தவராகவே நடத்தப்படுவது அச்சத்தையும், பேசாமலே இருந்துவிடும் பழக்கத்தையும் வளர்க்கிறது.

திக்குவாயும் கிளட்டரிங்கும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் அரிதன்று. கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் கோளாறு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், டௌன் நோய்க்குறி ஆகியவற்றோடும் கிளட்டரிங் சேர்ந்து வருவதுண்டு. ஆகவே குழுவுக்கு வருபவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

## அனாதையாக இருந்த கோளாறு

ஆய்வாளர் டெசோ வைஸ் 1964இல் கிளட்டரிங் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டு, பேச்சு மருத்துவத்துறை என்னும் குடும்பத்தில் இது ஓர் அனாதை என்று குறிப்பிட்டார். அதன்பின் நெடுங்காலம் அந்த நிலை மாறவில்லை. திக்குவாய் உள்ளவர்களின் அமெரிக்க அமைப்பு 1977இலும், பிரித்தானிய அமைப்பு 1978இலும் தோன்றிவிட்டன. கிளட்டரிங்குக்கு உலகளாவிய அமைப்பு உருவாக மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2007 மே மாதம் பல்கேரியாவின் கட்டாரினோவில் நடந்த முதல் உலக மாநாட்டில்தான் பன்னாட்டுக் கிளட்டரிங் சங்கம் பிறந்தது. ஆய்வாளரும் சிகிச்சையாளரும் மட்டுமின்றிக் கிளட்டரிங் உள்ளவர்களும் அதில் இடம்பெறுகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் கோளாறின் இயல்பிலேயே இருக்கிறது. திக்குவாய் உள்ளவர் தம் துன்பத்தைத் தாமே உணர்ந்து தம்மைப் போன்றவரைத் தேடிச் செல்கிறார். கிளட்டரிங் உள்ளவருக்கோ துன்பம் பிறரின் முகச்சுளிப்பு வழியாகவே வந்து சேர்கிறது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதைக் கூட அறியாமல், தம்மை “அவசரக்காரர்” என்றோ “தெளிவில்லாதவர்” என்றோ மற்றவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு விடுகிறார். பெயர் தெரியாதவர்கள் குழுவாகச் சேரமுடியாது.

## குழுவின் அமைப்பை இது எப்படி மாற்றுகிறது

திக்குவாய்க் குழுக்களில் எழுதப்படாத அடிப்படை விதி ஒன்று உண்டு: பேசுபவரை இடைமறிக்காதே, அவர் வாக்கியத்தை நீ முடிக்காதே, எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அது அங்கே முற்றிலும் சரியான விதி. அதை அப்படியே கிளட்டரிங் குழுவுக்குக் கொண்டுவந்தால், புரியாத பேச்சை எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை உருவாகும். அது பேசுபவர் வெளியுலகில் நாள்தோறும் சந்திக்கும் ஏமாற்றம்தான். புரியவில்லை என்று எவரும் சொல்லாத இன்னோர் அறை அவருக்குத் தேவையில்லை. இங்கே குழுவால் தரக்கூடியதும் வேறெங்கும் எளிதில் கிடைக்காததும் ஒன்றே: எந்தச் சொல் கேட்கவில்லை என்பதை, அவமதிப்பு இன்றி, அந்தக் கணத்திலேயே சொல்லும் ஒரு காது.

இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன.

முதலாவது, இடைமறித்தல் தடைசெய்யப்படாமல் முறைப்படுத்தப்படவேண்டும். யார், எப்போது, எந்தச் சைகையால் நிறுத்தலாம் என்பதைப் பேசுபவரின் ஒப்புதலோடு முன்பே முடிவு செய்யவேண்டும். “மெதுவாகப் பேசுங்கள்” என்ற சொல் மட்டும் கூட்டத்தில் வரவே கூடாது. அது பயனற்ற அறிவுரை. கேட்டவர் ஒரு வாக்கியத்துக்கு மெதுவாகப் பேசிவிட்டு அடுத்த வாக்கியத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுவார். அதைவிட, பிள்ளைப் பருவம் முதல் குற்றச்சாட்டாகக் கேட்டுப் புண்பட்ட தொடர் அது. “அந்த ஊர்ப் பெயர் கேட்கவில்லை”, “ரெண்டாவது ஆள் யார்னு விட்டுப்போச்சு” என்று குறிப்பான இடத்தைச் சுட்டுவதே உதவும்.

இரண்டாவது, கூட்டத்தின் ஒழுங்கே நோயை மறைத்துவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். எல்லோரும் வட்டமாக அமர்ந்து, முறைவைத்து, தயாரித்துவந்த இரண்டு நிமிடப் பேச்சை நிகழ்த்தினால் ஏறக்குறைய அனைவரும் நன்றாகவே பேசிவிடுவார்கள். பின்னர் தேநீர்க் கடையில் நின்று பேசும்போது எல்லாம் சிதறும். ஆகவே கட்டற்ற உரையாடலுக்கு, குறிப்பாகச் சூடேறும் வாக்குவாதத்துக்கும் சிரிப்புக்கும், கூட்டத்துக்குள்ளேயே இடம் ஒதுக்கவேண்டும்.

மூன்றாவது, வருகிறவர்களில் பலர் தாமாக வரமாட்டார்கள். மனைவியோ அலுவலக மேலாளரோ கல்லூரி ஆசிரியரோ சொல்லி, அரைமனத்தோடு வருவார்கள். அவர்களிடம் “உங்களுக்கு இந்தக் கோளாறு இருக்கிறது” என்று நிறுவ முற்படுவது குழுவின் வேலையன்று. பிறர் பேசுவதைக் கேட்டு, அதில் தம்மை அடையாளம் காண அவர்களுக்குச் சில கூட்டங்கள் தேவைப்படும்.

## தொடங்குவது

நான்கு பேர் இருந்தால் போதும், இருவரும்கூடத் தொடங்கலாம். முதல் உறுப்பினர்களைத் தேட மூன்று இடங்கள் உள்ளன. ஏற்கெனவே நடக்கும் திக்குவாய்க் குழுக்களில் கிளட்டரிங் உள்ள ஓரிருவர் இருக்கக்கூடும். பேச்சு சிகிச்சையாளர்களிடம் சொல்லிவைத்தால் அவர்கள் தகுந்தவர்களை அனுப்புவார்கள். பேச்சு மற்றும் செவித்திறன் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகள் மூன்றாவது. மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தைப் போல, இத்துறையில் பயிற்சி தரும் நிறுவனங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு.

அறிவிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது இங்கே பெரிதும் பொருட்படுத்தத்தக்கது. “கிளட்டரிங் உள்ளவர்கள் வரலாம்” என்று மட்டும் எழுதினால் எவரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அறிகுறியின் மொழியில் எழுதவேண்டும்: “நீங்கள் பேசுவது பிறருக்குப் புரிவதில்லை என்கிறார்களா? தொலைபேசியில் பெயரை மூன்று முறை சொல்லவேண்டியிருக்கிறதா? சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று என்று ஆகிறதா?” இப்படிக் கேட்டால், திக்குவாய் என்று தம்மைத் தவறாக எண்ணிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நகரம் சிறியதாக இருந்தால், தனிக் குழுவுக்கு ஆள் சேராமல் போகலாம். அப்போது திக்குவாய்க் குழு ஒன்றோடு இணைந்து, அதன் கூட்டம் முடிந்தபின் முக்கால் மணி நேரத்தைக் கிளட்டரிங்குக்கென்று கேட்டுப் பெறுவது நடைமுறைக்கு ஏற்ற வழி. இருவகையினரும் ஒரே அமர்வில் கலப்பதைத் தொடர் ஏற்பாடாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்: விரைந்து பேசுபவர் மூன்று பேர் இருக்கும் வட்டத்தில், சொல்லின் வாசலில் காத்திருக்கும் ஒருவருக்கு வாய்ப்பே கிடைக்காது. அவரவர் விதி அவரவருக்குப் பாதுகாப்பு.

கூட்டத்துக்கு இடமாக நூலக அறை, பள்ளி வகுப்பறை, சிகிச்சையகத்தின் காத்திருப்புக் கூடம் எதுவாயினும் சரி. மின்விசிறி இரைச்சலும் எதிரொலியும் குறைந்த இடமாக இருப்பது மட்டும் கட்டாயம், ஏனெனில் அசைகள் கேட்கிறதா என்பதே இங்கே நடக்கும் வேலை. நாலைந்து பேர் கூடிப் பேசுவதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. பின்னாளில் வங்கிக் கணக்கும் நன்கொடையும் தேவைப்பட்டால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆர்வத்தில் முதல் மாதமே தலைவர், செயலர், பொருளாளர் என்று பதவிகளைப் பங்கிடத் தொடங்கும் குழுக்கள் பேச்சைவிடப் பதவியைப் பற்றியே அதிகம் பேச நேரும்.

## ஒரு கூட்டம் எப்படி நடக்கலாம்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் என்பது பெரும்பாலோருக்கு இயலும் அளவு. கீழ்க்காணும் வரிசை கட்டாயமன்று. ஆனால் ஒவ்வொரு பகுதியும் மேலே சொன்ன மூன்று முடிவுகளில் ஒன்றிலிருந்து பிறந்தது.

1. திறப்பு. புதியவர் முன்னிலையில் இரகசிய விதி வாசிக்கப்படும்: இங்கே கேட்டது வெளியே போகாது. அதன்பின் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தமக்கு இடைமறிப்பு வேண்டுமா, வேண்டுமெனில் எந்தச் சைகை என்று சொல்வார். கையை இலேசாக உயர்த்துவது சிலருக்குப் போதும். சிலர் மேசையில் ஒரு அட்டை வைக்கச் சொல்வார்கள். “இன்று என்னைத் தடுக்கவேண்டாம்” என்பதும் ஏற்கத்தக்க பதிலே.

2. திருப்பிச் சொல்லல். ஒருவர் ஒரு நிகழ்வை ஒரு நிமிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தாம் கேட்டதை, ஊகித்து நிரப்பாமல், கேட்ட அளவிலேயே திரும்பச் சொல்வார். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே பாடம். சொன்னவர் மீண்டும் ஒருமுறை சொல்லும்போது முழுவதையும் மெதுவாக்க முயலாமல், விடுபட்ட இடத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் வைத்துச் சொல்வார். சிகிச்சையாளர்கள் பொதுவான வேகக்குறைப்பைவிடச் சொற்றொடர் எல்லையில் நிறுத்தம் வைப்பதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு: நிறுத்தம் கேட்பவருக்குப் புரிந்துகொள்ள நேரம் தருகிறது, பேசுபவருக்கு அடுத்ததைத் திட்டமிட நேரம் தருகிறது.

3. கட்டற்ற பேச்சு. குறைந்தது அரைமணி நேரம். தேர்தல், திரைப்படம், வாடகை உயர்வு என எதுவும் ஆகலாம்; தலைப்பு எவ்வளவு உணர்ச்சியூட்டுகிறதோ அவ்வளவு நன்று. இந்தப் பகுதியை ஒப்புதலோடு பதிவு செய்யலாம்.

4. பதிவைக் கேட்டல். ஒவ்வொருவரும் தம் குரலை மட்டும் கேட்டு, தாம் எதிர்பார்த்ததற்கும் காதில் விழுந்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வார். பிறர் முதலில் கருத்துச் சொல்லக்கூடாது. தம் பேச்சை முதன்முறையாக இப்படிக் கேட்பவர்களுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருக்கக்கூடும் என்பதால், முதல் இரண்டு கூட்டங்களில் எவரையும் வற்புறுத்தக் கூடாது. பதிவு பேசியவரின் சொந்தக் கைப்பேசியிலேயே இருக்கவேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு எந்தச் சூழ்நிலையிலும் இடமில்லை.

5. வாரத்தின் ஒரு பணி. அடுத்த கூட்டத்துக்குள் ஒரே ஒரு சூழலில், எடுத்துக்காட்டாக ஆட்டோ ஓட்டுநரிடம் முகவரி சொல்லும்போது, ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிப் பார்ப்பது. பணி ஒன்றுக்கு மேல் போனால் எதுவும் நடக்காது.

பத்திகளை உரக்க வாசிக்கும் பயிற்சியைப் பல குழுக்கள் விரும்பும். அதில் தீங்கில்லை, ஆனால் அதை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. வாசிப்பில் திட்டமிடும் சுமை இல்லை, சொற்கள் தாளில் வரிசையாகக் காத்திருக்கின்றன. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் நம் மொழியில் இந்த எச்சரிக்கைக்கு இரட்டிப்பு வலு உண்டு. எழுத்துத் தமிழைத் திருத்தமாக வாசிப்பவர், வீட்டுத் தமிழில் அசை விழுங்குவதை அது சற்றும் காட்டாது.

ஒருங்கிணைப்பாளரும் கிளட்டரிங் உள்ளவராகவே இருப்பார் என்பதால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழும்: தலைப்பு தாவும், நேரம் நழுவும், ஒருவரே பேசிக்கொண்டிருப்பார். இதற்குத் தனித்தனிப் பொறுப்புகளே தீர்வு. ஒருவர் நிரலைப் பார்ப்பார், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், மூன்றாமவர் இதுவரை வாய் திறக்காதவர் யார் என்று மட்டும் கவனிப்பார். பொறுப்புகள் ஒவ்வொரு கூட்டத்திலும் கைமாறவேண்டும். நிரலைப் பலகையிலோ பெரிய தாளிலோ எழுதிவைப்பது சின்னஞ்சிறு வேலை; தலைப்பு தாவும்போது கைகாட்ட ஓர் இடம் கிடைக்கிறது.

குடும்பத்தாரை அழைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைத்தால் உறுப்பினர் சுருங்கிப் போவார். அறவே தவிர்த்தால் மிக முக்கியமான கேட்பாளர் வெளியே நிற்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை குடும்பத்தாருக்கென்றே ஓர் அமர்வு நடத்தி, குறிப்பான இடத்தைச் சுட்டிக் கேட்கும் பழக்கத்தை அவர்களுக்குக் காட்டுவது நடுவழி.

## இணையவழிக் கூட்டம்

கிளட்டரிங் உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் ஊர் ஊராகச் சிதறியும் இருப்பதால், காணொளிக் கூட்டம் பல இடங்களில் ஒரே வழியாக இருக்கும். சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் என்று பரவியிருப்பவர்கள் தமிழில் கூடுவதற்கு வேறு வழியில்லை. ஆனால் இணைப்பின் தாமதமும் ஒலிச்சிதைவும் அசை விழுங்கலைப் போலவே ஒலிக்கும். “கேட்கவில்லை” என்றால் அது பேச்சா, இணைப்பா என்று உறுப்பினர் குழம்புவார், தமக்குச் சாதகமான விடையை எடுத்துக்கொள்வார். ஒவ்வொருவரும் தம் பேச்சைத் தம் கைப்பேசியிலும் தனியாகப் பதிவு செய்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசி வசதி ஒரு பக்கத் துணையாக உதவலாம். அது முகம் சுளிப்பதில்லை, ஊகித்து நிரப்பி மரியாதை காட்டுவதும் இல்லை என்பது அதன் நற்பண்பு. வட்டார வழக்கிலும் ஆட்பெயர்களிலும் அதுவே தடுமாறும் என்பதால், அதன் பிழைகள் அனைத்தையும் பேசுபவர் தலையில் கட்டக்கூடாது.

## குழுவால் ஆகாதவை

குழு நோயைக் கண்டறியாது. ஆய்வாளர் டேவிட் டேலி தொகுத்ததைப் போன்ற அறிகுறிப் பட்டியல்கள் இருக்கின்றன. அவை சிகிச்சையாளரின் கையில் பயன்படவேண்டிய கருவிகள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொள்வது சச்சரவில் முடியும். கவனக்குறைவுக் கோளாறோ மனச்சோர்வோ உடனிருக்கக்கூடும் என்று தோன்றினால், அதைக் கூட்டத்தில் பேசாமல் தனியே சொல்லி மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

குழு சிகிச்சைக்கு மாற்றும் ஆகாது. சிகிச்சையாளரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை விருந்தினராக அழைத்து, பயிற்சிகள் சரியான தடத்தில் செல்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது பயனளிக்கும். அவரே நிரந்தரமாக நடத்தத் தொடங்கினால் உறுப்பினர்கள் மீண்டும் நோயாளிகளாகி, பரிசோதனை அறையின் நல்ல பேச்சு திரும்பிவிடும்.

சட்டப்படியான சலுகையை எதிர்பார்த்தும் சிலர் வருவார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் குரல்வளை அகற்றல், மூளைப் பாதிப்பால் வரும் மொழியிழப்பு போன்ற உடற்கூறு அல்லது நரம்பியல் காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறைபாடு என்றே அது வரையறுக்கிறது. குழந்தைப் பருவத்திலிருந்து வரும் கிளட்டரிங்கை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். சான்றிதழ் வாங்கித்தருவதாக எந்தக் குழுவும் வாக்களிக்கக் கூடாது.

பலனைப் பற்றியும் அளவோடு பேசவேண்டும். மைக்கேல் பாயில் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆதரவுக் குழு அனுபவம் உள்ள திக்குவாய்க்காரர்கள், அந்த அனுபவம் இல்லாதவர்களைவிடத் திக்குவாய் குறித்த இழிவெண்ணங்களைத் தங்கள்மேல் ஏற்றிக்கொள்வது குறைவாக இருந்தது. குழுவே இதற்குக் காரணமா, மனவலிமை உள்ளவர்கள்தாம் குழுவில் நிலைக்கிறார்களா என்பதை அத்தகைய ஒப்பீடு தீர்மானிக்காது. மேலும் அது திக்குவாய் பற்றியது. கிளட்டரிங்கில் இதே பலன் கிடைக்கும் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. தம்மைப் போன்ற இன்னொருவரை வாழ்வில் முதன்முறையாகக் கேட்பதன் ஆறுதல் மட்டும் ஆய்வுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

## நீடிப்பது

இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் தொடங்கியவரின் களைப்பால் நின்றுபோகின்றன. அறையைப் பிடிப்பது, நினைவூட்டுவது, புதியவரிடம் தொலைபேசியில் பேசுவது எல்லாம் ஒருவர் தோளிலேயே ஏறும்போது, அவர் இடம் மாறினாலோ திருமணமாகிப் போனாலோ கூட்டமும் முடிகிறது. ஆறு மாதத்துக்குள் இன்னொருவர் தனியாக ஒரு கூட்டத்தை நடத்தியிருக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது தகும்.

வருகை குறைவதை எப்போதும் தோல்வியாகக் கருதவேண்டியதில்லை. சிலர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு போய்விடுவார்கள். கவலைப்படவேண்டியது, ஒருமுறை மட்டும் வந்து திரும்பாதவர்களைப் பற்றித்தான். அவர்களிடம் ஒரு வாரத்துக்குள் ஒருவர் பேசி, எது தடுத்தது என்று கேட்கவேண்டும். இடைமறிப்பு சுட்டது என்று அவர் சொன்னால் சைகை விதியைத் திருத்தவேண்டும்; தம் குரலைக் கேட்டது சுட்டது என்றால், அடுத்த முறை பதிவு இல்லாத கூட்டத்துக்கு அவரை அழைக்கவேண்டும்.